திறந்தானாம்

அல் கூஸில் வெளியே நாற்பத்தேழு டிகிரி.
குளிரறைக்குள் நாலு.
டெல்மிரா ஜாக்கெட்டின் ஜிப்பைக்கூடப் போடமாட்டாள்.
எங்கள் ஊர்க் காலை இதுதான் என்பாள், அரைகுறை இங்கிலீஷில்,
உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து.

கிழங்குக்கு அவள் பாஷையில் பாப்பா.
நான் சிரித்ததும் கோபம் வந்துவிட்டது.
ஸ்பெயின்காரன் எங்களிடம் கடன் வாங்கிய சொல்,
இன்னும் திருப்பித் தரவில்லை என்றாள்.

மலையின் ஒரே ஒரு மடிப்பில்
சில ஊர்கள் மட்டும் பேசுகிற கெச்சுவா.
மற்ற கெச்சுவாக்காரர்களுக்கே
பாதி புரியும், பாதிக்குத் தலை சொறிவார்கள்.
எத்தனை பேர் மிச்சம் என்றேன்.
சில நூறு என்று தன் பாஷையில் சொல்லி
வாலில் ஒரு 'ஷி' ஒட்டினாள்.
ஷி என்றால்?
எண்ணியது நான் இல்லை. எண்ணியதாகச் சொன்னார்கள்.
நானே பார்த்தது என்றால் 'மி'.
பார்க்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை,
எனக்காகத் தோன்றுகிறது என்றால் 'ட்ரி'.

எங்களுக்கும் இருக்கே, என்றேன்.
வந்தான். வந்தானாம். வந்திருப்பான்.
கத்தியைக் கீழே வைத்தாள்.
இன்னொரு தரம் சொல்லச் சொல்லி
சரக்கு ரசீதைச் சரிபார்ப்பதுபோல்
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

சத்துர்னினோ டெலிவரிப் பிரிவில்.
அவள் ஊருக்கு எதிர்ச்சரிவு அவன் ஊர்,
நடுவில் ஓர் ஆறும் கழுதைப் பாதையும்.
மனிதனுக்கு அவள் 'ருனா' என்பாள், அவன் 'லுனா'.
வீடு இருவருக்கும் 'வாசி'தான்.
'என் வீடு' என்னும்போதுதான் பிரச்சினை.
அவள் யகரத்தில் நிறுத்துவாள்,
அவன் கடைசி உயிரை இழுத்துக்கொண்டே போவான்.
எனக்குத் தெரிந்து இந்த வளைகுடா முழுக்க
அந்தப் பாஷைக்கு இரண்டே வாய்.
இரண்டும் தங்களுக்குள் ஸ்பானிஷ் பேசின.
லகரக்காரனோடு என்ன பேச, என்பாள்.
சாத்தூரிலிருந்து நாகர்கோவில் ஹாஸ்டலுக்குப் போய்
'வாளப்பளம்' என்று ஒருமுறை சொல்லி
மூன்று வருஷம் அந்தப் பெயரிலேயே வாழ்ந்தவன் நான்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒரு வியாழன் இரவு
குளிரறைக் கதவு திறந்தே கிடந்தது.
முந்நூறு கிலோ கொடுவா மீன் நாறிப்போயிற்று.
சூப்பர்வைசர் பிரிட்டோ விசாரித்தார்.
தூத்துக்குடிக்காரர், எனக்கு விசா வாங்கித் தந்தவர்.
டெல்மிரா சொன்னாள், நான் டைப் அடித்தேன்:
சத்துர்னினோ கதவைத் திறந்துவிட்டுப் போனான்.

இங்கிலீஷில் அது வழவழவென்று நின்றது,
பிடித்து நிறுத்த ஒரு வால்கூட இல்லாமல்.
பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.
கையெழுத்துப் போடக் குனிந்தவளிடம்
ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது:
மியா, ஷியா?

பேனாவை மூடினாள். திறந்தாள்.
மறுபடி மூடினாள்.
ஷி.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
அறையில் இருந்த எல்லாரையும், குடிதண்ணீர் மெஷினையும்கூடப்
பார்த்தாள். பிரிட்டோவை மட்டும் பார்க்கவில்லை.
இதற்கு நான் 'மி' போடுவேன்.

தாள் கிழிபட்டது.
எல்லாருக்கும் மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள்,
அவர் தவிர.
அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

மறுவாரம் சத்துர்னினோ டிராலியோடு வந்து
வாசலில் நின்று ஏதோ சொன்னான்.
ஸ்பானிஷ் இல்லை.
டெல்மிரா நிமிராமலே ஒரு சொல்லைத் திருத்தினாள்.
அவன் அதையே, அவன் விதமாக, இன்னும் சத்தமாகச் சொன்னான்.
ருனா. லுனா. ருனா.
தோலுரித்த கிழங்கு ஒன்று அவன் நெஞ்சில் பட்டு விழுந்தது.
டீ நேரம் முழுக்க ஓயவில்லை.
சண்டைதான் போட்டிருப்பார்கள்.

குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது.
எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.
நானே.